முன்பாதி நாற்பத்தொன்று, பின்பாதி எண்பத்தேழு

நகராட்சி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் அறைக்கும் இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் அறைக்கும் நடுவில் சிறு மீன்பிடிப் படகுகள் பதிவுப் பிரிவு இருந்தது. அறைக்கு ஒரே ஒரு சன்னல். அதைத் திறந்தால் துறைமுகம் முழுவதும் தெரியும். அங்கே பதினோரு ஆண்டுகளாக வேலை பார்த்த பதிவு அலுவலர் அதை ஒருநாளும் திறந்ததில்லை. கேட்டால் காகிதம் பறக்கும் என்பார்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. மற்றபடி எல்லாருக்கும் அவர் ‘இணைப்பு சார்’. விண்ணப்பத்தை யார் நீட்டினாலும் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இணைப்பு எங்க?” என்பது. இணைப்பைக் கொடுத்தால், “இதுக்கு இணைப்பு எங்க?” என்பார். அதையும் எங்கேயோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து வைத்தால், முதலில் கொடுத்த இணைப்பின் தேதி காலாவதியாகியிருக்கும்.

இதற்கு முன்னால் ஒன்பது ஆண்டுகள் நாய் உரிமப் பிரிவில் இருந்தார். அவருக்கு நாய் என்றால் பயம். ஒருநாள் உரிமத்துக்கு வந்த நாய் மேசைக்கு அடியில் புகுந்துவிட, அவர் மேசைக்கு மேலே ஏறிவிட்டார். அதன்பிறகு இரக்கப்பட்டுப் படகுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவருக்குத் தண்ணீர் என்றாலும் பயம். எந்த ஆளை எந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்பதில் அந்த நகராட்சிக்கு ஒரு தனித் திறமை இருந்தது.

அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கை நீட்ட மாட்டார், ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். கை நீட்டுகிறவராக இருந்திருந்தால் வேலையாவது முடிந்திருக்கும் என்று மீனவர்கள் பெருமூச்சு விட்டார்கள். காலை ஒன்பதுக்கு வருவார், நாற்காலியைத் துடைப்பார், முத்திரையை மையில் ஒற்றி ஒரு பழைய தாளில் குத்தி அழகு பார்ப்பார். அன்றைக்கு அவர் குத்தும் முத்திரை பெரும்பாலும் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

படிவம் நான்கு அவருடைய சொந்தப் படைப்பு. முப்பத்தெட்டு கட்டங்கள். அதற்குமுன் இருந்த படிவத்தில் வெறும் பதினொன்றுதான். அதைப் பற்றிப் பேசும்போது, சட்டை போடாமல் தெருவில் நின்றவனைப் பற்றிப் பேசுவது போல முகம் சுளிப்பார். படகின் நீளம், அகலம், இயந்திரத்தின் எண் இவற்றோடு நிற்காமல், எரிபொருள் குழாயின் நீளம் வரைக்கும் கேட்டிருந்தார். எதற்கு என்று ஒருமுறை ஆணையர் கேட்டார். “இருக்கட்டும் சார், பின்னாடி உதவும்” என்றார் இவர்.

இப்படிப் பதினோரு ஆண்டுகளாகக் கடலோரத்துக்கே தண்ணி காட்டிக்கொண்டிருந்த மனிதர் முன்னால்தான் மோட்டார் அக்கா வந்து நின்றாள்.

மோட்டார் அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். துறைமுகத்தில் எந்தப் படகின் இயந்திரம் மூச்சு விடாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். காதை வைத்துக் கேட்பாள், இரண்டு தட்டு தட்டுவாள், நாலு திருகாணியைக் கழற்றுவாள். இயந்திரம் இருமிக்கொண்டு எழுந்துவிடும். அடுத்தவர் படகுகளுக்கே உழைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசை. புதிதாக வாங்க வழியில்லை. எனவே உடைந்த இரண்டு ஃபைபர் படகுகளை வாங்கினாள். ஒன்றில் பின்பக்கம் நொறுங்கியிருந்தது, மற்றொன்றில் முன்பக்கம். இரண்டையும் அறுத்து, நல்ல பாதிகளை ஒட்டி, ஒரு முழுப் படகு செய்துவிட்டாள்.

அவள் விண்ணப்பத்தைப் படித்ததும் இணைப்பு சாரின் பேனா ஒன்பதாவது கட்டத்தில் நின்றுவிட்டது.

“பழைய பதிவு எண்ணுக்கு ரெண்டு நம்பர் எழுதியிருக்கீங்களேம்மா?”

“ஆமா சார். முன்பாதி நாற்பத்தொண்ணு, பின்பாதி எண்பத்தேழு.”

“கட்டம் ஒண்ணுதானே இருக்கு?”

“படகும் ஒண்ணுதான் சார்.”

“அப்ப இது நாற்பத்தொண்ணா, எண்பத்தேழா?”

“புதுசா ஒரு நம்பர் கொடுங்க சார். அதுக்குத்தானே வந்திருக்கேன்.”

“புதுசு கொடுக்கணும்னா பழசை ரத்து பண்ணணும். நாற்பத்தொண்ணை ரத்து பண்ணணும்னா அந்தப் படகு முழுசா அழிஞ்சிருக்கணும். பாதி உங்ககிட்ட மிதக்குதே!”

அப்படியானால் மிச்சப் பாதிகள் எங்கே என்று கேட்டார். உடைத்துக் குப்பையில் போட்டாயிற்று என்றாள். குப்பையில் போட்டதற்கு இணைப்பு கேட்டார். சுகாதாரப் பிரிவில் கெஞ்சிக் கூத்தாடி அதையும் வாங்கி வந்தாள். ‘பாதிப் படகு’ என்று குப்பைப் பட்டியலில் எந்த வகையும் இல்லாததால் அவர்கள் ‘பழைய மரச்சாமான்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். “உங்க படகு ஃபைபராச்சே, இது மரம்னு இருக்கே” என்று திருப்பி அனுப்பினார். இப்படியே ஏழு முறை. படியேறி இறங்கியதில் அவளுடைய செருப்பு ஒன்று அறுந்தது. எட்டாவது முறை அவள் அவருடைய அறைக்கு வரவில்லை. நேராக ஆணையர் அறைக்குள் போய் நின்றாள்.

ஆணையர் இணைப்பு சாரைக் கூப்பிட்டார். கோப்பைப் பிரித்துப் பார்த்தார், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “இந்தப் படகுக்கு நம்பர் கொடுக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்றார்.

ஒரே வார்த்தையில் எதையும் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் இவர். ஆபத்தில் மாட்டிக்கொண்டால் எல்லா அலுவலர்களும் செய்வதைத்தான் செய்தார். ஒரு புது விதியைச் சொன்னார். “ரெண்டு பாதியும் ஒட்டிப் பிடிச்சிருக்கான்னு கடல்ல வச்சு நேரடியா ஆய்வு பண்ணாத்தான் சார் சொல்ல முடியும். கரையில வச்சுப் பார்த்தா செல்லாது.” ஆய்வுக்கு ஆள் கிடையாது, கோப்பு இன்னும் இரண்டு வருடம் தூங்கும் என்பது அவர் கணக்கு.

“அருமை!” என்றார் ஆணையர். “நாளைக்குக் காலையில நீங்களே போயிட்டு வந்திடுங்க.”

இணைப்பு சாரின் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. “நீங்களா? கடலுக்கா? குளிக்கிற அறையில தண்ணி தேங்கினாலே கதவைப் பிடிச்சுக்கிட்டு என்னைக் கூப்பிடுவீங்களே!” என்றாள். பிறகு அவருடைய கோலத்தைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. மறுநாள் பையில் மாற்றுச் சட்டை ஒன்றும், வாந்தி எடுக்க நாலு பிளாஸ்டிக் பையும் வைத்துக் கொடுத்தாள். “நாலு போதுமாங்க?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் இன்னும் நாலு வைத்தாள்.

துறைமுகத்தில் மோட்டார் அக்காவின் படகு தயாராக நின்றது. பளிச்சென்று பச்சை வண்ணம். எண் எழுத வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. இணைப்பு சார் தண்ணீர் முன்னால் எப்படியோ, விதி என்று வந்துவிட்டால் எங்கே நின்றாலும் சிங்கம். காலைக் கரையில் ஊன்றிக்கொண்டே பட்டியலை எடுத்துப் படித்தார்.

“அந்தத் துடுப்பு எதுக்கு? இயந்திரப் படகுக்கான பட்டியல்ல துடுப்பு இல்லையே.”

“இயந்திரம் நின்னுட்டா தள்ளுறதுக்கு சார்.”

“பட்டியல்ல இல்லாத பொருள் ஆய்வு நேரத்துல படகுல இருக்கக் கூடாது. இறக்குங்க. அந்தப் பெட்டியில என்ன?”

“மாத்து சாமான் சார். குழாய், பிளக்கு, வாஷர்...”

“அதையும்.”

அவள் ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். பிறகு துடுப்பையும் பெட்டியையும் கரையில் இறக்கிவைத்தாள். பட்டியல்படி படகில் உயிர்காப்புச் சட்டை ஒன்றுதான். பணியாளர் எண்ணிக்கை ஒன்று. ஆய்வுக்கு வருகிற அலுவலரைப் பற்றிப் படிவம் நான்கு நினைத்தே பார்க்கவில்லை. தான் போட்டிருந்த அந்த ஒற்றைச் சட்டையை அவளே கழற்றி அவர் கழுத்தில் மாட்டி வாரை இறுக்கினாள்.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டி அரைமணி நேரம் போனார்கள். இணைப்பு சார் இருக்கைப் பலகையை ஒரு கையாலும், மடியில் வைத்த படிவத்தின்மேல் பேனாவை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்க்காமல் கட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பைகள் ஏற்கெனவே தீர்ந்திருந்தன. அந்த நிலையிலும் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டு போனதை மெச்சத்தான் வேண்டும். இருபத்து மூன்றாவது கட்டம் வந்தது. எரிபொருள் குழாயின் நீளம்.

“ஆறடின்னு போட்டுக்கங்க சார்.”

“அப்படியெல்லாம் போட்டுக்க முடியாது. அளக்கணும்.”

“அளக்கணும்னா கழட்டணும். கழட்டணும்னா இயந்திரத்தை நிறுத்தணும். கரைக்குப் போய் அளக்கலாமே?”

“கரையில அளந்தா கடல் ஆய்வு ஆகாது.”

அவள் இயந்திரத்தை நிறுத்தி, நங்கூரத்தைப் போட்டு, குழாயின் இரண்டு முனையையும் கழற்றிக் கொடுத்தாள். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். விண்ணப்பதாரர் அளவெடுப்பில் கை வைக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். குழாயை மடியில் நீட்டி, அளவு நாடாவை அதன்மேல் வைத்தார். தூரத்தில் ஒரு பெரிய கப்பல் போய்க்கொண்டிருந்தது. அது கிளப்பிய அலை நிதானமாக வந்து படகை ஒரு தூக்குத் தூக்கி இறக்கியது. இணைப்பு சார் ‘ஐயோ’ என்று இரண்டு கையாலும் பலகையைக் கட்டிப்பிடித்தார். மோட்டார் அக்கா பாய்ந்து எட்டிப் பிடிப்பதற்குள், குழாய் தன் இரும்பு முனைகளோடு தண்ணீருக்குள் போய்விட்டது. அளவு நாடாவும் கூடவே துணைக்குப் போனது.



“வேற குழாய் இருக்குமே?” என்றார் அவர், மெல்ல.

“இருக்கு சார். கரையில.”

“துடுப்பு?”

“அதுவும் அது பக்கத்துலதான் இருக்கு. ரெண்டும் பேசிக்கிட்டு இருக்கும்.”

அவள் கைபேசியை எடுத்துத் தெரிந்த படகுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லாரும் முதலில் ‘இதோ வர்றேன் அக்கா’ என்றார்கள். அடுத்து, ‘கூட யாரு?’ என்றார்கள். ‘இணைப்பு சார்’ என்று அவள் சொன்னதும் ஒருவனுக்கு இயந்திரத்தில் கோளாறு வந்தது, ஒருவனுக்குத் திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டது, ஒருவன் சிக்னல் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்தான். அவர்கள் விண்ணப்பங்கள் எல்லாம் அவர் மேசையில்தான் கிடந்தன. பதிவில்லாத படகை ஓட்டிக்கொண்டு பதிவு அலுவலர் முன்னாலேயே வந்து நிற்க அவர்களுக்கு என்ன பைத்தியமா? பக்கத்திலேயே உட்கார்ந்து இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த இணைப்பு சார், ஆறாவது ஆளுக்குப் பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் தன் கைபேசியிலிருந்து மீட்பு நிலையத்தைக் கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்தாள். குரலில் தேன் வழிந்தது.

“படகோட பதிவு எண் சொல்லுங்க சார்.”

“இன்னும் பதிவாகலம்மா.”

“பதிவு எண் போடாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது சார். நகராட்சியில இருந்து அப்படித்தான் கேட்டு வாங்கியிருக்காங்க.”

அப்படிக் கேட்டு வாங்கியவரே இவர்தான். “அப்ப என்னம்மா வழி?”

“பதிவு அலுவலர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வந்தீங்கன்னா படகு அனுப்பிடலாம்.”

“நான்தாம்மா பதிவு அலுவலர்!”

“அப்ப ரொம்ப சுலபம் சார். எழுதிக் கொண்டுவந்து கொடுத்துடுங்க.”

“நான் கடல்ல இருக்கேன்மா!”

“பரவாயில்லை சார். அஞ்சு மணி வரைக்கும் இருப்போம்.”

இணைப்பு சாருக்குத் தன் குரலே இன்னொருவர் வாயிலிருந்து வருவது போல இருந்தது. அத்தனை பணிவு, அத்தனை பொறுமை. ஆனால் ஒரு விரற்கடை நகரவில்லை. பதினோரு ஆண்டுகளாக மேசைக்கு எதிரே நின்றவர்கள் எப்படித் தன் கழுத்தை நெரிக்காமல் விட்டார்கள் என்று அவருக்கு முதல்முறையாக ஆச்சரியம் வந்தது. படகு மறுபடி ஆடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பதிவேட்டில் கடைசியாக எழுதிய எண் நூற்று முப்பத்தைந்து.

“எழுதிக்கம்மா” என்றார். “நூற்று முப்பத்தாறு.”

மோட்டார் அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பேசி முடித்ததும், “எந்தப் பாதிக்கு சார்?” என்று கேட்டாள்.

“ரெண்டுக்கும்தாம்மா. விடேன்.”

மீட்புப் படகு வர இரண்டே முக்கால் மணி நேரமாயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் தன் தலைத் துணியைப் பிரித்து நனைத்து அவர் தலையில் போட்டாள். அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் குறையும் என்றாள். வேறு வழியில்லாமல் அவர் கடலைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் குமட்டலும் குறைந்தது. இத்தனை வருடம் இதை யாரும் சொல்லவில்லையே என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, “ரெண்டு படகும் யாரோடது?” என்று கேட்டார். விண்ணப்பத்தில் இல்லாத ஒன்றை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

“முன்பாதி என் தம்பியோடது. பின்பாதி என் நாத்தனார் வீட்டுக்காரரோடது. ரெண்டு பேரும் நேருக்கு நேர் மோதிக்கிட்டாங்க.”

“நேருக்கு நேர் மோதினா ரெண்டுக்கும் முன்னாடிதானே போகும்?”

அவள் சிரித்தாள். “கடல்ல இல்ல சார், கல்யாண வீட்டுல. வாய்ச் சண்டை. படகு உடைஞ்சது தனித்தனி விபத்து. தம்பி பின்னாடி பார்க்காம சுவர்ல இடிச்சான். இவரு முன்னாடி பார்க்காம பாறையில இடிச்சாரு. ஆறு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. படகுல மட்டும் ஒட்டிக்கிட்டாங்க.”

நாற்பது நாள் அந்தப் படகோடு கிடந்ததைச் சொன்னாள். ஃபைபர் தூள் தோலில் குத்தி, உடம்பெல்லாம் அரித்து, ஒட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து ராவிக்கொண்டே அழுததைச் சொன்னாள். முதல்முறை ஒட்டியது சரியாக வராமல், மறுபடி அறுத்து ஒட்டினாளாம். “எவன் கண்டுபிடிக்கிறான் பார்ப்போம்னு ராவினேன் சார்.”

இணைப்பு சார் குனிந்து படகின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். முன்னும் பின்னும் விரலை ஓட்டினார். ஏழு முறை ‘இரு பாதிகள்’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பியவருக்கு, அந்த இரண்டு பாதிகளும் எங்கே சேர்கின்றன என்று விரலுக்குத் தட்டுப்படவில்லை. அவள் அவருடைய கையைப் பிடித்து, “இங்க சார்” என்று ஓர் இடத்தில் வைத்தாள். அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. அவர் கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

மீட்புப் படகு வந்து கயிற்றை வீசியபோது, அதன் பக்கவாட்டில் எண் இல்லை என்பதை அவருடைய கண் பழக்கத்தால் கவனித்துவிட்டது. அதன் பதிவு விண்ணப்பம் நான்கு மாதமாக அவருடைய மேசையில் ஊறிக்கொண்டிருந்தது. கயிற்றை வீசியவருக்கும் அவரை அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் வெளுத்தது. இணைப்பு சார் வேறு பக்கம் திரும்பி ஒரு கடற்பறவையை மிகவும் உன்னிப்பாகப் பார்த்தார்.

கரையேறி வீட்டுக்கு வந்தவரைக் கண்டு மனைவி, “பை போதுமா இருந்துச்சா?” என்றாள். “ரெண்டு மிச்சம்” என்றார், ஏதோ பதக்கம் வாங்கி வந்தவர் போல.

மறுநாள் அலுவலகத்தில் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்ததும் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். பயத்தில் கொடுத்த எண் செல்லுமா என்று உறுத்தியது. ரத்து செய்துவிட்டு முறைப்படி மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லலாம் என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முந்தாநாள் அவர் உளறிய விதியை ஆணையர் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புது ஆணையாகவே போட்டு அதில் செருகியிருந்தார்: பதிவை ரத்து செய்வதற்கும், பதிவு அலுவலர் அந்தப் படகில் நேரில் சென்று கடலில் ஆய்வு செய்ய வேண்டும். இணைப்பு சார் புத்தகத்தை மூடினார். பதிவேட்டைத் திறந்து நூற்று முப்பத்தாறை நல்ல கையெழுத்தில் எழுதினார். பிறகு, யாரிடமும் கேட்காமல், அளவுகோலை வைத்துப் படிவம் நான்கின் ஒன்பதாவது கட்டத்துக்கு நடுவில் ஒரு கோடு கிழித்து இரண்டாக்கினார். இருபது வருட வேலையில் மேலிடத்து அனுமதி இல்லாமல் அவர் செய்த ஒரே காரியம் அது. கோடு கொஞ்சம் கோணல்.

மோட்டார் அக்கா வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டாள். நன்றியென்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. “குழாய் புதுசு மாட்டிட்டேன் சார், ஏழடி” என்றாள். அவர் அளக்காமலே எழுதிக்கொண்டார்.

ஆணையருக்குச் செய்தி வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. நடுக்கடலில் வைத்தே பதிவு எண் வழங்கிய அலுவலர்! கூட்டம் போட்டுப் பாராட்டினார். மாதம் ஒருமுறை கடலிலேயே பதிவு முகாம் என்று திட்டம் அறிவித்தார். முகாமுக்குப் பொறுப்பு யார் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று மாதம் இணைப்பு சார் வெளுத்த முகத்தோடு போய்வந்தார். ஒவ்வொரு முறையும் கரைக்குத் திரும்பும் அவசரத்தில் கேள்வி கேட்காமல் முத்திரை குத்தினார். பதினோரு ஆண்டுகளில் நகராத எழுபது விண்ணப்பங்கள் அந்த மூன்று முகாம்களில் நகர்ந்தன. நாலாவது முகாமுக்குப் புகைப்படக்காரரோடு ஆணையரே வந்தார். அலைதடுப்புச் சுவரைத் தாண்டுவதற்குள் அந்தப் புகைப்படக்காரர் மேலேயே ஆணையர் வாந்தி எடுத்தார். அடுத்த வாரமே, பொதுநலன் கருதி முகாம் நிறுத்தப்படுவதாகச் சுற்றறிக்கை வந்தது.

இணைப்பு சார் மேசைக்குத் திரும்பினார். ஆள் அடியோடு மாறிவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்றைக்கும் கேள்வி கேட்பார், தேதி பார்ப்பார், இரண்டு முறையாவது அலையவிடுவார். ஆனால் ஏழு முறை இல்லை. விண்ணப்பத்தில் ஏதாவது புரியாவிட்டால், “வாங்க, பார்த்துட்டு வந்துடலாம்” என்று படியிறங்கித் துறைமுகம் வரைக்கும் நடக்கிறார். படகைக் கரையோரம் இழுத்துக் கட்டச் சொல்லி, குனிந்து கையை நீட்டித் தடவிப் பார்க்கிறார். அப்படிக் குனியும்போது விண்ணப்பதாரர் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.